புண்படும் மனமும் பேசும் உரிமையும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி மயிலாப்பூரில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சுரிமை, நையாண்டி, சமய உணர்வு ஆகிய மூன்றையும் இணைத்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். எளிதான பொருள் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் இது பிறரைப் பற்றிய பொருள் அன்று, நம்மைப் பற்றிய பொருள் என்பது விளங்கிற்று. ஆகவே நம் படிப்பகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

2012ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. இருபது முப்பது இளைஞர்கள் படிப்பகத்தில் கூடியிருந்தனர். ஒவ்வொருவர் முகத்திலும் சினம். ஒரு தம்பி தம் கைப்பேசியை என் முன் நீட்டினார். அதில் ஒரு கேலிச்சித்திரம். 'அரசமைப்பு' என்று எழுதப்பட்ட நத்தையின் மீது அண்ணல் அம்பேத்கர் கையில் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னே பண்டித நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். சுற்றிலும் மக்கள் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. 1949 ஆகஸ்டில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தம்முடைய 'சங்கர்ஸ் வீக்லி' இதழில் வரைந்த படம் அது. 2006 முதல் மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் அது இடம்பெற்றிருந்தது.

"அந்தச் சாட்டையைப் பாருங்கள் ஐயா. என் பாட்டன் முதுகில் விழுந்த சாட்டை அது. அந்தப் புத்தகத்தைத் தெருவில் போட்டுக் கொளுத்த வேண்டும்" என்றார் அந்தத் தம்பி.

எனக்கும் நெஞ்சு கொதித்தது. மறைப்பானேன், அன்று காலையிலேயே அப்படத்தை நீக்கக் கோரும் விண்ணப்பம் ஒன்றில் நானும் கையெழுத்திட்டிருந்தேன். புத்தகத்தையோ நான் கண்ணால் கண்டதில்லை.

அப்போது, அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மெல்ல எழுந்து, "இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். முன்வரிசையில் ஒரு கையும் எழவில்லை. கடைசி வரிசையில் ஒரு மாணவியின் கை மட்டும் தயங்கித் தயங்கி எழுந்தது. "என்னிடம் அந்தப் புத்தகம் இருக்கிறது ஐயா, கொண்டுவரட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவள் புத்தகத்தைக் கொண்டுவந்த பின் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், நாம் எந்த மரபில் வந்தவர்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற சொத்து

இம்மன்றத்திலிருந்து இராயப்பேட்டை கூப்பிடு தூரம். அங்கிருந்துதான் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பண்டித அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். விலை ஒரு பைசா. அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' என்று பெயர் பெற்று, 1914இல் அவர் மறையும் வரை அவர் கையால் நடந்தது. அதற்கும் முன்பு, 1893இலேயே, இரட்டைமலை சீனிவாசன் இச்சென்னையில் 'பறையன்' என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். இழிசொல்லாக நம்மீது எறியப்பட்ட பெயரை எடுத்துப் பத்திரிகையின் தலைப்பில் பொறித்ததே ஒரு நையாண்டி அல்லவா?

அயோத்திதாசர் என்ன எழுதினார்? 'வேஷ பிராமண வேதாந்த விவரம்' எழுதினார். 'அரிச்சந்திரன் பொய்கள்' எழுதினார். பொய்யே உரைக்காதவன் என்று ஊர் போற்றும் ஒரு மன்னனின் கதையை, 'பொய்கள்' என்ற சொல்லோடு சேர்த்துத் தலைப்பிட அன்று எவ்வளவு துணிவு வேண்டும்! தீபாவளி, கார்த்திகை முதலிய பண்டிகைகளுக்குப் பௌத்த வழியில் புதுப்பொருள் உரைத்தார். அக்காலத்து வைதிகர் மனம் புண்பட்டிருக்காதா? நிச்சயமாகப் புண்பட்டிருக்கும். மனம் புண்படுவதைக் குற்றத்தின் அளவுகோலாகக் கொண்டிருந்தால், 'தமிழன்' முதல் இதழோடு நின்றிருக்கும். கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூலி வேலை செய்த நம் மக்கள் அதைப் படித்துத் தலைநிமிர்ந்திருக்க மாட்டார்கள்.

பண்டிதர்க்கும் முன்பு, நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருந்தான். கிரீடம் அணிந்து வரும் அரசனை அவன் முகத்துக்கு நேரே கேலி செய்வான், தேவர்களையும் விடமாட்டான். பகலில் பண்ணையார் முன் வாய்பொத்தி நின்றவன், இரவில் கூத்துமேடையில் வாய்திறந்தான். எளியவனுக்கு வாளும் இல்லை, வழக்காடப் பணமும் இல்லை. சிரிப்பு ஒன்றே அவனிடம் இருந்த படைக்கலம்.

அந்தச் சிரிப்பைக் கண்டு அஞ்சியவர்கள் எக்காலத்தும் உண்டு. நடிகவேள் எம்.ஆர்.இராதா தம் 'இராமாயணம்' நாடகத்தை மேடையேற்றிய 1954ஆம் ஆண்டிலேயே நாடகங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லா எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல். இராதா மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கயிறு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இலாகூரில் தோன்றிய இரண்டு

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இளைஞர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

1924இல் இலாகூரில் நபிகள் நாயகத்தை இழித்துரைக்கும் சிறுநூல் ஒன்று வெளிவந்தது. அதன் பதிப்பாளர் ராஜ்பால் மீது வழக்கு நடந்தது. அத்தகைய எழுத்தைத் தண்டிக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை என்று 1927இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாடெங்கும் கொந்தளிப்பு எழவே, ஆங்கில அரசு அதே ஆண்டில் தண்டனைச் சட்டத்தில் 295-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1929இல் ராஜ்பால் கொலையுண்டார். சட்டம் வந்தும் கொலை நிற்கவில்லை என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். அந்தப் பிரிவே 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவாக நிற்கிறது.

அதே இலாகூரில்தான் 1936இல் அண்ணல் அம்பேத்கர் ஒரு மாநாட்டுக்குத் தலைமையேற்க அழைக்கப்பட்டார். அழைத்தவர்கள் சாதியை ஒழிக்கப் புறப்பட்ட ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தார். உரையை முன்கூட்டியே படித்த அவர்கள், இந்துக்களின் மனம் புண்படும் பகுதிகளை நீக்கக் கேட்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற இயலாது என்றார் அண்ணல். மாநாடு கைவிடப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை, தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். இரண்டே மாதங்களில் அத்தனையும் தீர்ந்தன. தமிழிலும் உடனே பெயர்க்கப்பட்டது. பேசப்படாத அந்தப் பேச்சுதான் 'சாதி ஒழிப்பு' என்று நம் படிப்பக அலமாரியில் முதல் தட்டில் இருக்கிறது.

பிறகு அண்ணலின் தலைமையில் வரைவுக்குழு ஆக்கித் தந்த அரசமைப்பின் 19ஆம் உறுப்பு பேச்சுரிமையை வழங்குகிறது. அவ்வுரிமைக்கு வரம்பும் உண்டு. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றின் பொருட்டு மட்டுமே நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். இப்பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். 'மனம் புண்படுதல்' என்ற சொல் அதில் இல்லை. 1957இல் இராம்ஜிலால் மோடி வழக்கில் உச்சநீதிமன்றம் 295-அ பிரிவைச் செல்லத்தக்கது என்றபோதும், பொது ஒழுங்கு என்னும் வாயில் வழியாகத்தான் அதை உள்ளே விட்டது. தற்செயலான இழிவுரை குற்றமன்று. வேண்டுமென்றே, தீய நோக்கோடு செய்யப்படுவதே குற்றம் என்றும் விளக்கிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டின் முதல் அரசமைப்புத் திருத்தம் இரு சென்னை வழக்குகளால் விளைந்தது. வகுப்புவாரி அரசாணையை வீழ்த்திய செண்பகம் துரைராஜன் வழக்கு ஒன்று. 'கிராஸ் ரோட்ஸ்' இதழின் மீதான சென்னை அரசின் தடையை நீக்கிய ரொமேஷ் தாப்பர் வழக்கு மற்றொன்று. முன்னதற்கு விடையாக நம் இட ஒதுக்கீட்டைக் காக்கும் 15(4) வந்தது. பின்னதற்கு விடையாகப் பேச்சுரிமையின் வரம்புகள் விரிந்தன. நம் கல்வியும் நம் பேச்சும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை. ஒன்றை விட்டு ஒன்றைக் காக்க முடியாது.

புண்படுத்தியவர்களாக நாம், புண்பட்டவர்களாக நாம்

அன்பர்களே, இப்போது நம் மனச்சான்றைத் தொடும் இடத்துக்கு வருகிறேன்.

அண்ணல் மறையும்போது அச்சேறாமல் இருந்த நூல்களுள் ஒன்று 'இந்து மதத்தில் புதிர்கள்'. 1987இல் மராட்டிய மாநில அரசு அதைத் தொகுதி நூலாக வெளியிட்டது. இராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய அதன் பிற்சேர்க்கை இந்துக்களின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று கிளர்ச்சி எழுந்தது. சிவசேனை அதை நீக்கக் கோரிற்று. நூல் எரிக்கப்பட்டது. அரசும் தடுமாறியது. 1988 தொடக்கத்தில் நம் மக்கள் பம்பாய் வீதிகளில் பெருந்திரளாகத் திரண்டு, "எங்கள் தலைவரின் எழுத்தில் ஓர் எழுத்தையும் தொடாதே" என்று முழங்கினார்கள். முடிவில், அக்கருத்துகளை அரசு ஏற்பதாகக் கொள்ள வேண்டியதில்லை என்ற குறிப்போடு நூல் நிலைபெற்றது. அன்று நாம் பேச்சுரிமையின் பக்கம் நின்றோம்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கே 'ஒரே ஒரு கிராமத்திலே' என்றொரு திரைப்படம் எடுக்கப்பட்டது. பிராமணப் பெண் ஒருத்தி ஆதிதிராவிடர் என்று பொய்ச் சான்றிதழ் பெற்று உயர்பதவி அடைவதாகக் கதை. சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீடு தவறு என்பதே படத்தின் வாதம். நம் மக்களுக்கு அது பெரும் வேதனை அளித்தது. பி.ஜெகஜீவன் ராம் முதலியோர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் படத்தின் தணிக்கைச் சான்றிதழை நீக்கிற்று. தயாரிப்பாளர் எஸ்.ரங்கராஜன் உச்சநீதிமன்றம் சென்றார். 1989 மார்ச் 30ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அமர்வு படத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நாம் தோற்றோம்.

தோற்ற அந்த வழக்கின் தீர்ப்பைப் பின்னாளில் நான் முழுவதும் படித்தேன். ஒரு கருத்து பொது ஒழுங்கைக் கெடுக்கும் என்றால், அந்த ஆபத்து எங்கோ தொலைவில் இருப்பதாக இருக்கக் கூடாது; வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறிபோல் பேச்சோடு ஒட்டியதாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிற்று. கலவரம் வரும் என்று எவரோ மிரட்டுகிறார்கள் என்பதற்காக அரசு பேச்சை அடக்கக் கூடாது. மிரட்டுபவரை அடக்கிப் பேசுபவரைக் காப்பதே அரசின் கடமை என்றும் சொல்லிற்று. எண்ணிப் பாருங்கள். நம் சேரியில் ஓர் அம்பேத்கர் சிலை வைக்கும்போதும், ஓர் ஊர்வலம் நடத்தும்போதும், "மற்றவர்கள் எதிர்க்கிறார்கள், அமைதி கெடும்" என்று சொல்லித்தானே அனுமதி மறுக்கிறார்கள்? நம்மை அன்று நோகச்செய்த அதே தீர்ப்பின் நெறி, இன்று நமக்குக் கேடயமாக ஏந்தத்தக்கது.

இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றன. 2012இல் சங்கரின் கேலிச்சித்திரம் பற்றிய பிரச்சினையை நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் உள்ளிட்ட உறுப்பினர்கள் எழுப்பினர். மே 11ஆம் நாள் அவை கொந்தளித்தது. அரசு படத்தை விலக்குவதாக அறிவித்தது. பாடநூலின் முதன்மை ஆலோசகர்களான சுகாஸ் பல்சீகரும் யோகேந்திர யாதவும் பொறுப்பிலிருந்து விலகினர். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்சீகரின் அறை சூறையாடப்பட்டது. சுகதேவ் தோரட் தலைமையில் அமைந்த குழு வேறு சில படங்களையும் நீக்கப் பரிந்துரைத்தது. அக்குழுவில் இருந்த தமிழறிஞர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் மட்டும் மாறுபட்ட குறிப்பு எழுதினார்.

1988இல் "தொடாதே" என்றவர்கள் 2012இல் "நீக்கு" என்றோம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? பொருந்தும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் வாதத்தை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. அண்ணலின் நூல் ஆய்வு நூல், கேலிச்சித்திரம் கேலிச்சித்திரம். வகுப்பறையில் அதைக் காட்டி நம் பிள்ளையை உடன்படிக்கும் பிள்ளைகள் சிரித்தால் என் செய்வது என்று கேட்கிறார்கள். அந்த வலி மெய்யானது. அதற்கு விடையை அந்த மாணவி கொண்டுவந்த புத்தகமே தந்தது.

புத்தகத்தில் இருந்தது என்ன?

அவள் பக்கத்தைப் புரட்டினாள். படத்தின் அருகே கேள்விகள் இருந்தன. அரசமைப்பை ஆக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயினவே, அதைத்தான் ஓவியர் குறிப்பிடுகிறாரா, ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். அவள் சொன்னாள்: "இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஐயா, பாபாசாகேப் எவ்வளவு உழைத்தார் என்பதையே நான் தெரிந்துகொண்டேன்."

முதியவர் அலமாரியிலிருந்து ஒரு தொகுதியை எடுத்தார். 1949 நவம்பர் 25ஆம் நாள், அதாவது அப்படம் வெளிவந்த மூன்று மாதங்களில், அரசமைப்பு அவையில் அண்ணல் ஆற்றிய உரை. அதை உரக்கப் படித்தோம். தாமதம் என்ற குற்றச்சாட்டை அவர் அங்கே நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். 2 ஆண்டு 11 மாதம் 17 நாள் ஆயின என்று கணக்குச் சொல்கிறார். வரைவுக்குழு 141 நாள் அமர்ந்தது என்கிறார். வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. அவையில் முன்மொழியப்பட்டவை 2,473 என்கிறார். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டு, நாம் காலத்தை வீணாக்கவில்லை என்று நிறுவுகிறார். நத்தை என்று நகைத்த நாட்டுக்கு அவர் கொடுத்த விடை அது. எவரையும் வாய்மூடச் சொல்லவில்லை. எண்களை அடுக்கி வைத்து அமர்ந்தார்.

அதே உரையில்தான், சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் தனிமனித வழிபாடோ வீழ்ச்சிக்கும் கொடுங்கோன்மைக்கும் வழி என்று அவர் எச்சரித்தார். அந்தப் பகுதியைப் படித்தபோது படிப்பகத்தில் ஒருவரும் பேசவில்லை.

சாட்டையைச் சுட்டிய தம்பி முற்றிலும் மனம் மாறிவிட்டார் என்று நான் கதை கட்ட மாட்டேன். "படம் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் இனி யாராவது சிரித்தால் என்னிடம் பதில் இருக்கிறது" என்றார். இதைவிடச் சிறந்த முடிவை நான் எதிர்பார்க்கவில்லை. நான் அன்றிரவே விண்ணப்பம் கொண்டுவந்த நண்பரிடம் சென்று, என் பெயரை அடித்துவிடுமாறு கேட்டேன். அவர் ஆறு மாத காலம் என்னோடு பேசவில்லை. இன்று அவரும் இந்த அவையில்தான் இருக்கிறார்.

வெட்டி அனுப்பும் காலம்

இளைஞர்களே, இன்னொன்றைக் கவனியுங்கள். ஆறு ஆண்டுக் காலம் அந்தப் பாடநூல் ஆயிரமாயிரம் மாணவர் கைகளில் இருந்தது. எவர் மனமும் புண்படவில்லை. புத்தகத்திலிருந்து படம் வெட்டப்பட்டுக் கைப்பேசியில் ஏறிய பிறகே புண்பட்டது.

இது ஒருமுறை நடந்ததன்று. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்த நாவல். 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் பரவின. கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் அவர் பணிந்து கையெழுத்திட நேர்ந்தது; எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்து எழுதுவதை நிறுத்தினார். 2016 ஜூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வழிசெய்தது. அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்றும் தெளிவுபடுத்தியது.

2012 செப்டம்பரில் அமெரிக்காவில் எவரோ எடுத்த, நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் படத்துண்டு யூடியூப் வழியாக உலகைச் சுற்றியது. நம் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மீது கற்கள் விழுந்தன. கலிபோர்னியாவில் செய்த பிழைக்கு அண்ணாசாலையில் கண்ணாடி உடைந்தது. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' திரைப்படம் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருந்தும், வெளியாகும் வேளையில் தமிழக அரசு இரு வாரம் தடை விதித்தது. 1989 தீர்ப்பு ஏட்டில் உறங்கிற்று.

2020 ஜூலையில், தியாகராய நகரில் அலுவலகம் கொண்டிருந்த 'கறுப்பர் கூட்டம்' என்னும் யூடியூப் வரிசை கந்தசஷ்டி கவசத்தைப் பற்றி வெளியிட்டிருந்த காணொளி பெரும்புயலைக் கிளப்பிற்று. அக்காணொளி அம்மாதம் வந்ததன்று, ஆண்டின் தொடக்கத்திலேயே வந்தது. அதன் மொழி கொச்சையானது என்பதே என் கருத்து. ஆனால் பேச்சுக்காக, பிணையின்றிச் சிறையிலிருத்தும் குண்டர் தடுப்புச் சட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. அச்சட்டத்தின் கனத்தை நம் சேரி இளைஞர்கள் அறிவார்கள். அது இன்று எவர்மேல் பாய்ந்தாலும், நாளை பாயும் வீடு எது என்பதை நாம் மறக்கக் கூடாது.

2024 நவம்பரில், நம் வடசென்னை மகள், கானா பாடகி இசைவாணி பல ஆண்டுகளுக்கு முன் பாடிய ஐயப்பன் பற்றிய பாடலை எடுத்துப் பரப்பினார்கள். காவல் நிலையங்களில் புகார். கைப்பேசியில் வசையும் மிரட்டலும். அவர் பாடிய குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சாதியற்றவர் என்னும் அந்தச் சொல் நம் இராயப்பேட்டைப் பண்டிதர் தந்த சொல். அவரைத் திட்டியவர்களில் பலர் சமயத்தைக் காக்க வந்தவர்களாகப் பேசவில்லை. ஒரு பெண்ணை, ஒரு சாதியை இழிக்க வந்தவர்களாகவே பேசினார்கள்.

இவற்றிலெல்லாம் ஒரே முறை இருக்கிறது. நெடுநாள் கிடந்த ஒன்றை எவரோ ஒருவர் தேடி எடுக்கிறார். வேண்டிய துண்டை வெட்டுகிறார். எவர் மனம் எங்கே புண்படும் என்பதை அறிந்து அங்கே அனுப்புகிறார். புண்பட்டவர் எளிய மனிதர். ஆதாயம் பெறுகிறவர் வேறொருவர். உங்கள் கைப்பேசிக்கு அத்தகைய துண்டு வரும்போது, "இதை யார் வெட்டினார்? இன்று ஏன் அனுப்புகிறார்?" என்று முதலில் கேளுங்கள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொன்னது இந்தக் காலத்துக்கே மிகப் பொருந்தும்.

சிரிப்பின் திசை

அப்படியானால் எதைச் சொல்லியும் சிரிக்கலாமா என்று கேட்பீர்கள். என் விடை இதுதான்: சட்டம் அனுமதிப்பது வேறு, நம் மனச்சான்று அனுமதிப்பது வேறு.

நம் தாய்மார்கள் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். செப்டம்பரில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் காவியுடையில் நடந்து செல்கிறார்கள். பங்குனியில் இதே மயிலாப்பூர் மாடவீதிகளில் அறுபத்துமூவர் வலம் வரும்போது, அவர்களுள் நம் நந்தனாரும் ஒருவர் என்று கைகூப்புகிறார்கள். துன்பம் சூழ்ந்த வாழ்க்கையில் அந்த நம்பிக்கை அவர்களுக்கு ஊன்றுகோல். ஊன்றுகோலைப் பிடுங்கிச் சிரிப்பவன் கட்டியங்காரன் ஆகமாட்டான். ஆனால் அதே நந்தனாரை நெருப்பில் இறக்கித்தான் உள்ளே விட்டார்கள் என்ற கதையைக் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. நம்பிக்கை வேறு, நம்பிக்கையின் பெயரால் வாயிலை அடைக்கும் அதிகாரம் வேறு.

அவ்வாறே, சாதிப் பெயர் சொல்லி இழிப்பது நையாண்டி ஆகாது. அது வலியவன் எளியவன்மேல் காலங்காலமாக வீசிவரும் கல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 அதைக் குற்றமாக்குகிறது. 2015 திருத்தம் அதை மேலும் தெளிவாக்கிற்று. நம் மக்கள் போற்றும் மறைந்த தலைவர்களை இழிவுபடுத்துவதையும் அத்திருத்தம் குற்றமாக்கியுள்ளது. இச்சட்டம் நம் உயிர்க்கவசம், தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் நம் தலைவர்களின் கருத்தை ஒருவர் மறுத்தார் என்பதற்காக அதை எடுக்காதீர்கள். கவசத்தைக் கழற்றிக் கல்லாக எறிந்தால், உண்மையான கல் வரும்போது மார்பு வெறுமையாக இருக்கும்.

ஆகவே, இவ்வெள்ளி விழா நாளில் இளைஞர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் நான்கு. புண்படுத்தும் எதையும் முழுவதும் படிக்காமல், முழுவதும் பார்க்காமல் மறுக்கப் புறப்படாதீர்கள். சொல்லுக்குச் சொல்லால் விடை தாருங்கள். படத்துக்குப் படத்தால், பாட்டுக்குப் பாட்டால் விடை தாருங்கள். பிறர் பேச்சை அடக்க அரசிடம் கோல் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தக் கோல் திரும்பும் திசையை வரலாறு காட்டியிருக்கிறது. நம்முள் ஒருவர் தம் பாட்டுக்காகவோ எழுத்துக்காகவோ மிரட்டப்படும்போது, அவர் சொன்னது நமக்குப் பிடித்ததா என்று பார்க்காமல் அவர் பக்கம் போய் நில்லுங்கள்.

அன்று புத்தகம் கொண்டுவந்த மாணவி இன்று சட்டம் பயின்று வழக்கறிஞராக இருக்கிறாள். தன் பாடநூலை நம் படிப்பகத்துக்கே கொடுத்துவிட்டாள். பிறகு வந்த பதிப்புகளில் அந்தப் படம் இல்லை. நம் அலமாரியில் உள்ள பிரதியில் இருக்கிறது. அண்ணலின் நவம்பர் 25 உரையையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். கேலியும் அதற்கான விடையும் ஒரே தட்டில் இருக்கட்டும். இரண்டையும் படித்து வளரும் பிள்ளையை எவரும் சாட்டையைக் காட்டி அச்சுறுத்த முடியாது.

 வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் கழகம்!